பூச்சி மருந்து கேஸ்களில் பாம் (பிராலிடாக்சிம் என்ற மாற்று மருந்து) கொடுப்பதா, வேண்டாமா? ஆய்வுக்கு எடுக்கலாமா?

#1 இரவுப்பணி

வணக்கம். அவசர சிகிச்சையில் எம்.டி. முதலாம் ஆண்டு படிக்கிறேன். டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆய்வேட்டுத் தலைப்பை மூன்று வாரத்துக்குள் நெறிமுறைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். தலைப்பு மனதில் இருக்கிறது, ஆனால் அது சரிப்படுமா என்று தெரியவில்லை.

போன வாரம் நள்ளிரவு தாண்டி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பது வயதிருக்கும். பூச்சி மருந்து குடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சட்டையெல்லாம் வாந்தி, வாயோரம் நுரை, கண்மணிகள் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. ஸ்டெத் வைத்தால் நெஞ்சு முழுக்கக் கொதிக்கிற சத்தம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிகொல்லிதான், சந்தேகமே இல்லை. நெஞ்சில் பொங்கும் சுரப்புகளை உலர்த்தும் அட்ரோபின் போட ஆரம்பித்தோம். அப்புறம் பாம் (அதாவது பிராலிடாக்சிம்) கொடுப்பதா என்று கேட்டேன். அன்றைய யூனிட் (பணியில் இருந்த மருத்துவர் குழு) "கொடு" என்றது. இரண்டு நாள் கழித்து அதேபோல் இன்னொருவர் வந்தார். அந்த யூனிட் "அதனால் ஒரு பயனும் இல்லை, வேண்டாம்" என்றது.

ஒரே மருத்துவமனை, ஒரே நஞ்சு. திங்கள்கிழமை வருகிறவருக்குப் பாம் உண்டு, புதன்கிழமை வருகிறவருக்கு இல்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதையே இரு குழுவாகப் பிரித்து ஆய்வு செய்தால் என்ன? எங்களுக்கு நடுத்தரமான, கடுமையான கேஸ்கள் மாதத்துக்கு இருபது வரை வருகின்றன.

#2 மூச்சுக்குழல்

தம்பி, நான் மயக்க மருந்துத் துறை. இருபத்தைந்து வருடமாக இந்த நோயாளிகளுக்கு மூச்சுவிட டியூப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் இதை ஏற்கெனவே நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை முதலில் பாருங்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் தொண்ணூறுகளிலேயே பாமை ஆராய்ந்தார்கள். அதனால் நன்மை தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். அதன்பின் 2006இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து ஓர் ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. 200 பேர். எல்லோருக்கும் முதலில் 2 கிராம். அப்புறம் ஒரு பாதிக்கு மணிக்கு 1 கிராம் வீதம் 48 மணி நேரம் தொடர்ச்சியாக, மறு பாதிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். தொடர்ச்சியாகப் பெற்றவர்களில் இறப்பு 1 சதவீதம், மற்றவர்களில் 8. அதைப் படித்துவிட்டு நாங்களெல்லாம் பாமைக் கையில் எடுத்தோம்.

மூன்று வருடத்தில் இலங்கையிலிருந்து அடுத்த ஆய்வு வந்தது. 235 பேர். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் பாம் ஒரு குழுவுக்கு, வெறும் சலைன் மறு குழுவுக்கு. பாம் பெற்ற 121 பேரில் 30 பேர் இறந்தார்கள், சலைன் பெற்ற 114 பேரில் 18 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், அதனால் பாம் கொல்கிறது என்று சொல்லிவிட முடியாது. என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த ஆய்வில் ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும், நஞ்சு முடக்கிவிடும் நொதி பாமினால் மீண்டும் வேலை செய்ய ஆரம்பித்தது. சோதனைக்கூடத்தில் மருந்து தன் வேலையைச் செய்தது. கட்டிலில் இருந்தவர் பிழைக்கவில்லை.

ஏன் இப்படி? ஒரு காரணம், 'ஆர்கனோபாஸ்பேட்' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஒரே பொருள் அல்ல. நஞ்சு நொதியோடு ஒட்டிக்கொண்டபின் கொஞ்ச நேரத்தில் அந்தப் பிணைப்பு இறுகிவிடும். இறுகிய பிறகு பாமால் பிரிக்க முடியாது. டைமெத்தில் வகையில் பாதி நொதி இறுக ஏறக்குறைய 3.7 மணி நேரம், டைஎத்தில் வகையில் 33 மணி நேரம். டைமெத்தில் குடித்தவர் கிராமத்திலிருந்து ஐந்தாறு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தால், நீங்கள் பாதிக் கதவு மூடிய பிறகு போய்த் தட்டுகிறீர்கள்.

இனி உங்கள் கணக்கு. இறப்பு 16 சதவீதத்திலிருந்து 12ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பகமாகக் காட்ட ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1,200 பேர் வேண்டும். மாதம் இருபது என்றால் பத்து வருடம். எம்.டி. மூன்று வருடம்தான்.

#3 இரவுப்பணி

சார், இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. 1,200 என்ற எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் சோர்ந்துதான் போனேன். திங்கள் யூனிட், புதன் யூனிட் இரண்டின் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து ஒப்பிட்டால்? யார் எந்த நாளில் வருகிறார் என்பது நோயாளி தேர்ந்தெடுப்பது இல்லையே.

#4 கலா_சிஸ்டர்

நான் ஸ்டாஃப் நர்ஸ். பதினாறு வருடத்தில் பாதி காஷுவால்டியிலும் ஐ.சி.யு.விலும் போயிற்று. பாம் பற்றி டாக்டர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அட்ரோபின் பற்றி யாராவது பேசமாட்டார்களா என்று இருக்கிறது.

எங்களுக்கு வருவது 1 மில்லி ஆம்பூல், 0.6 மில்லிகிராம். டாக்டர் "3 மில்லிகிராம் போடு, ஐந்து நிமிடத்தில் இரட்டிப்பாக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். முதலில் ஐந்து ஆம்பூல். அப்புறம் பத்து, அப்புறம் இருபது, அப்புறம் நாற்பது. கால் மணி நேரத்துக்குள் 75 ஆம்பூல் கழுத்தை உடைக்க வேண்டும். நான் ஒருத்தி. பக்கத்துக் கட்டிலில் விபத்து கேஸ், அதற்கடுத்து நெஞ்சுவலி. கண்ணாடி கிழித்து விரலில் ரத்தம் வரும், அதோடு கையுறையை மாற்றிக்கொண்டு அடுத்ததை உடைப்போம். இரட்டிப்பு என்பது தாளில்தான் ஐந்து நிமிடத்தில் நடக்கிறது.

கேஸ் ஷீட்டில் "அட்ரோபின் இரட்டிப்பு முறையில் கொடுக்கப்பட்டது" என்று ஒரே வரிதான் இருக்கும். எத்தனை மணிக்கு எத்தனை என்று இருக்காது. அதனால் டாக்டர், பழைய ஷீட்டுகளை வைத்து ஆய்வு செய்கிறேன் என்று சொல்வதற்குமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாலு ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள்.

#5 மூச்சுக்குழல்

சிஸ்டர் சொன்னதுதான் இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் முக்கியமானது.

தம்பி, வங்கதேசத்தில் சிட்டகாங்கில் 156 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2012இல் வெளியானது. ஒரு குழுவுக்குப் பழைய முறை, அதாவது பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே அளவு அட்ரோபின். இன்னொரு குழுவுக்கு இரட்டித்துக்கொண்டே போய், நெஞ்சுச் சத்தம் தெளிந்ததும் சொட்டாகக் கொடுப்பது. பழைய முறையில் 80 பேரில் 18 பேர் இறந்தார்கள், இரட்டிப்பு முறையில் 76 பேரில் 6 பேர். அட்ரோபின் முழுமையாகப் பிடிக்க எடுத்த நேரம் சராசரியாக 152 நிமிடத்திலிருந்து 24 நிமிடமாக இறங்கியது. புது மருந்து எதுவும் இல்லை. அதே அட்ரோபின், வேகம்தான் வேறு.

உங்கள் மருத்துவமனையில் அந்த நேரம் எத்தனை நிமிடம்? யாருக்காவது தெரியுமா? எங்கள் இடத்தில் எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

யூனிட் ஒப்பீடு பற்றி: நாள் தற்செயல்தான். ஆனால் திங்கள் யூனிட்டில் டியூப் சீக்கிரம் போடும் பழக்கம் இருக்கலாம், புதன் யூனிட்டில் மூத்த முதுநிலை மாணவர்கள் அதிகம் இருக்கலாம். வித்தியாசம் வந்தால் அது பாமினாலா, ஆட்களாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

#6 வன்னியூரான்

வணக்கம், இலங்கையிலிருந்து எழுதுகிறேன். பொலநறுவை, அனுராதபுரம் பக்கம் வைத்திய அதிகாரியாக வேலை செய்தவன். அந்த ஆய்வுகள் நடந்த வார்டுகளைத் தெரியும் என்பதால் சிலதைச் சொல்லலாம் என நினைக்கிறேன்.

முதலாவது, அங்கே ஆய்வு நடந்ததற்குக் காரணம் ஆய்வுக்கென்றே வைத்தியர்கள் இரவும் பகலும் வார்டிலேயே இருந்ததுதான். நோயாளி கட்டிலுக்கு வந்த உடனேயே அவர்களில் ஒருவர் வந்து பார்ப்பார், நேரம் எழுதுவார். வார்டு வைத்தியர் வேறு, ஆய்வு வைத்தியர் வேறு. உங்களைப் போல ஒரே ஆள் டியூப்பும் போட்டு, படிவமும் நிரப்பி, சொந்தக்காரரோடும் கதைப்பது முடியாத காரியம் தம்பி. அந்த ஆட்பலத்தால்தான், வயிற்றிலுள்ள நஞ்சை உறிஞ்சக் கரி குடிக்கக் கொடுப்பது பற்றிய ஆய்வு அவ்வளவு பெரிதாக நடந்தது. மூன்று வைத்தியசாலைகள், 4,632 பேர். ஒரு பகுதிக்குக் கரி இல்லை, ஒரு பகுதிக்கு ஒரு தடவை, ஒரு பகுதிக்கு நான்கு மணிக்கொருதரம் ஆறு தடவை. இறப்பு முறையே 6.8, 7.1, 6.3 சதவீதம். அதாவது வித்தியாசம் இல்லை. 2008இல் வந்தது. அதற்கு முன் கரி குடிக்க மாட்டேன் என்று திமிறும் ஆட்களின் மூக்கில் குழாய் விட்டுக் கொடுத்திருக்கிறோம். 'ஒன்றும் இல்லை' என்று காட்டிய ஆய்வுதான் அந்த வேதனையை எங்கட வார்டில் நிறுத்தியது. இப்படிப்பட்ட முடிவுகளை யாரும் கொண்டாடுவதில்லை. நான் கொண்டாடுகிறேன்.

இரண்டாவது, பெரிய ஆளணி இல்லாமலும் நல்ல ஆய்வு வரும். 1987இல் சேனாநாயக்கவும் கரள்ளியத்தவும் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மருந்து குடித்தவர் அட்ரோபினில் தேறிவிட்டார் என்று எல்லோரும் மூச்சு விடும் நேரத்தில், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் தோளும் தொடையும் பலவீனமாகி மூச்சும் நின்றுவிடுகிறது. அதற்கு 'இடைநிலை நோய்க்குறி' என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுக்க இப்போது அதே பெயர்தான். பத்துப் பேரை ஒழுங்காகப் பார்த்ததில் வந்தது.

மூன்றாவது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1995இல் எங்கட நாட்டில் தற்கொலை இறப்பு லட்சத்துக்கு 47 வரை போயிருந்தது. அதன்பின் மிக நச்சான பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. 1995இல் ஒரு தொகுதி, 1998இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011 வரை இன்னும் மூன்று. இருபது வருடத்தில் தற்கொலை வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. நெல் விளைச்சல் விழவில்லை. ஆனால் கடைசியாக எந்த மருந்துகளைத் தடை செய்ய வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? ஒரே வகை நஞ்சு என்று நினைத்தவற்றுள் ஒன்று குடித்தவர்களில் 8 சதவீதம் பேரும் வேறொன்று குடித்தவர்களில் 23 சதவீதம் பேரும் இறக்கிறார்கள் என்று வார்டிலிருந்து எண்ணிக் காட்டியதால்தான். 2005இல் வந்த ஆய்வு, 802 பேர். பெயரை எழுதி வைத்தது ஒரு பெரிய விடயம்.

உங்கட ஷீட்டில் எந்த மருந்து என்று எழுதுகிறீர்களா? 'ஓ.பி. (ஆர்கனோபாஸ்பேட்) நஞ்சு' என்று மட்டும்தானா?

#7 இரவுப்பணி

அண்ணா, 'ஓ.பி.' என்று மட்டும்தான். பாட்டில் கொண்டுவந்தால் பார்ப்போம், யாரும் பெயரை எழுதுவதில்லை.

#8 வயல்வரப்பு

நான் மருத்துவர் இல்லை. படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பி நான்கு வருடங்களுக்கு முன் மருந்து குடித்தான். பிழைத்துவிட்டான், இப்போது நன்றாக இருக்கிறான். அன்றைக்கு இரவு ஒரு மருத்துவமனையில் என்னிடம் ஒரு தாள் நீட்டினார்கள். ஆய்வா, சிகிச்சைக்கான ஒப்புதலா என்றுகூடத் தெரியாது. அம்மா தரையில் விழுந்து அழுகிறார். போலீஸ் வருமா, ஊரில் தெரிந்துவிடுமா, ஆம்புலன்ஸிலேயே செத்துவிட்டானா என்று ஆயிரம் ஓடுகிறது. "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். போட்டேன். அவன் கிட்னியை எழுதிக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன்.

நீங்கள் ஆய்வு செய்வதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. திங்களுக்கு ஒன்று புதனுக்கு ஒன்று என்று இருப்பதைவிட உண்மை தெரிவது நல்லது. ஆனால் அந்த நேரத்துக் கையெழுத்தைச் சம்மதம் என்று எண்ணாதீர்கள். அவன் கண் விழித்த நாலாம் நாள் யாராவது வந்து உட்கார்ந்து, "உன்னைப் பற்றி இதை எழுதி வைத்திருக்கிறோம், உனக்குச் சரியா?" என்று கேட்டிருந்தால் அவன் சரி என்றுதான் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. பாட்டிலை நாங்கள் கொண்டுபோகவில்லை. கொல்லையில் புதைத்துவிட்டோம். போலீஸுக்குப் பயந்து.

#9 மூச்சுக்குழல்

ஐயா, எழுதியதற்கு நன்றி. உங்கள் தம்பி நலமாக இருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

நீங்கள் சொன்ன நாலாம் நாள் கேள்விக்கு ஆய்வு நெறிமுறையில் இடம் இருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் சிகிச்சையை முதலில் தொடங்கிவிட்டு, நோயாளியோ உறவினரோ நிதானப்பட்ட பிறகு ஒப்புதல் கேட்பது. அடிபட்டவர்களுக்கு ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்துப் பார்த்த 'கிராஷ்-2' ஆய்வு 40 நாடுகளில், 274 மருத்துவமனைகளில், 20,211 பேரோடு நடந்தது. நினைவில்லாதவர்களிடம் கையெழுத்துக்காகக் காத்திருந்தால் அது நடந்தே இருக்காது. அந்த மருந்தை அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் என்பதும் அதே ஆய்வால்தான் தெரிந்தது. ஆனால் பிறகு போய்க் கேட்பதை நம் ஊரில் பல இடங்களில் விட்டுவிடுகிறோம். தாளில் கையெழுத்து இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. அது தவறு.

பாட்டில் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்கும் பதிவு) போடுவோம், அது நடைமுறை. ஆனால் பாட்டிலைக் கொண்டுவருவதால் யாரும் சிறைக்குப் போவதில்லை. இது ஊர்ப்பக்கம் சென்று சேரவே இல்லை.

#10 நிர்வாகி

இழையைப் படிக்கும் யாருக்காவது மனம் பாரமாக இருந்தால்: தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926. எந்த நேரத்திலும் பேசலாம்.

#11 மலையடிவாரம்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். தலைப்பிலிருந்து சற்று விலகுகிறேன், ஆனால் சொல்ல வந்தது இங்கேயும் பொருந்தும்.

எனக்கு வருவது பாம்புக்கடி. ஏ.எஸ்.வி. (விஷமுறிவு மருந்து) போட்டதும் பலருக்கு உடம்பெல்லாம் தடித்து, பிரஷர் விழுந்துவிடும். அதனால் முன்கூட்டியே ஹைட்ரோகார்ட்டிசோனும் ஒரு அலர்ஜி ஊசியும் போடுவது நாங்கள் படித்த காலத்திலிருந்தே வழக்கம். இலங்கையில் 1,007 பேரை வைத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். அந்த இரண்டும் பயன் தரவில்லை. தோலுக்கடியில் 0.25 மில்லி அட்ரினலின், அவ்வளவுதான், அதுதான் கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைத்தது. இதைப் படித்தபின் நான் மாற்றிக்கொண்டேன். பக்கத்து நிலையங்களில் இன்னமும் பழைய இரண்டு ஊசிதான்.

இன்னொன்று, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. எங்களுக்குப் பல மாதங்களாக வந்தது பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமே சரியாக உறையாது. அதை நம்பி ஏ.எஸ்.வி. போட்டால் விஷம் ஏறாதவருக்கும் ஒவ்வாமை ஆபத்து. நான் டவுனுக்குப் போய் என் காசில் கண்ணாடிக் குழாய் வாங்கி வந்தேன்.

தம்பி, நீங்கள் எந்த ஆய்வு செய்தாலும் முதலில் குழாய் கண்ணாடியா என்று பாருங்கள்.

#12 நூற்றெட்டு

108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்). ஒரு சின்ன விஷயம். நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர் எல்லாம் வாயில் ஊற்றியிருப்பார்கள். பாதி மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். உங்கள் நெஞ்சுச் சத்தத்தில் ஒரு பகுதி அதுவாகவும் இருக்கலாம். அதையும் எழுதி வைத்தால் நல்லது. நாங்கள் கொடுக்கும் சீட்டில் நேரம் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

#13 இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. கலா சிஸ்டர் சொன்னபடி ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து முப்பது ஷீட்டைப் புரட்டினேன். அட்ரோபின் கொடுத்த நேரமும் அளவும் வரிசையாக இருந்தது நான்கில் மட்டும். மருந்தின் பெயர் இருந்தது ஏழில். நெஞ்சு எப்போது தெளிந்தது என்று ஒன்றில்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு பாம் நல்லதா கெட்டதா என்று நான் கேட்கப் போனேன்.

நெறியாளரிடம் பேசிவிட்டேன். தலைப்பை மாற்றுகிறோம். வாசலில் நுழைந்ததிலிருந்து அட்ரோபின் முழுமையாகப் பிடிக்கும்வரை எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி. முதல் ஆறு மாதம் இப்போது நடக்கிறபடியே நேரத்தை மட்டும் எழுதுவோம். அப்புறம் ஒரு பக்கப் படிவத்தைக் கொண்டுவந்து அடுத்த ஆறு மாதம் பார்ப்போம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து விஷயம்: நெஞ்சு தெளிவா, நாடி 80க்கு மேலா, மேல் பிரஷர் 80க்கு மேலா, அக்குள் உலர்ந்ததா, கண்மணியின் குண்டூசிச் சுருக்கம் விட்டதா. ஐந்தும் வந்த நிமிடத்தோடு இரட்டிப்பை நிறுத்திவிட்டு, அதுவரை போன மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை மணிக்கு என்று சொட்டில் போடுவோம்.

வன்னியூரான் அண்ணா சொன்னதற்காக மருந்தின் பெயருக்கு ஒரு கட்டம், பாட்டிலின் படத்தோடு. இடைநிலை நோய்க்குறிக்காக ஆறு மணி நேரத்துக்கொருமுறை தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது. நூற்றெட்டு சொன்னதற்காக வாயில் என்ன ஊற்றினார்கள் என்பது. வயல்வரப்பு ஐயா சொன்னதை நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன்: நோயாளி தெளிந்தபின் நானே போய் உட்கார்ந்து கேட்பேன். வேண்டாம் என்றால் அவருடைய தகவலை எடுத்துவிடுவேன்.

பாம் கேள்வி அப்படியே இருக்கிறது. திங்களும் புதனும் அப்படியேதான் இருக்கும், இப்போதைக்கு. அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

#14 வன்னியூரான்

நல்லது தம்பி. தலை தூக்குவதைப் பார்க்கும்போது, தூக்க முடிகிறதா என்று மட்டும் எழுதாமல் எத்தனை விநாடி தாங்குகிறார் என்றும் எழுதுங்கள். முதலில் குறையத் தொடங்குவது அதுதான். தூக்கவே முடியாத நிலைக்கு வந்தால் டியூப்புக்கு நேரம் அதிகம் இருக்காது.

#15 கலா_சிஸ்டர்

டாக்டர், படிவத்தை முன்பக்கம் மட்டும் அச்சடியுங்கள். பின்பக்கம் திருப்ப எங்களுக்கு நேரம் கிடைக்காது. மேலேயே சுவர்க் கடிகார நேரம் என்று போடுங்கள், ஒவ்வொருத்தர் செல்போனும் ஒவ்வொரு நேரம் காட்டும்.

முக்கியமாக, எத்தனை ஆம்பூல் உடைத்தோம், ஆம்பூல் உடைக்க எத்தனை பேர் இருந்தோம் என்று இரண்டு கட்டம் சேருங்கள். நேரம் ஏன் நீண்டது என்று பிற்பாடு யாராவது கேட்டால் அந்த இரண்டு எண்ணைக் காட்டலாம். ஸ்டோரில் பெரிய மருந்துக் குப்பி (வயல்) வாங்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கும் கையில் ஏதாவது இருக்கும்.